மாட்டுப் போட்டி: ஃபோ கிண்ணத்துக்கான பக்குவம்

வியட்நாமிய நூடுல்ஸ் உணவான ஃபோவைச் சமைக்கக் கற்றுக்கொள்பவர்களில் பலர் சாற்றில் தேறிவிடுகிறார்கள், மாட்டு வயிறான போட்டியில் தடுமாறுகிறார்கள். சாறு பொறுமையை மட்டும்தான் கேட்கிறது. அடுப்பைச் சிறுதீயில் வைத்துக் காத்திருந்தால் அது வந்துவிடும். போட்டிக்குக் கைவேலை அதிகம். வேகும் நேரமோ மிகக் குறைவு. அந்தக் கொஞ்ச நேரத்தில் கவனம் பிசகினால் மெல்ல மெல்லத் தீராத சவ்வாகிவிடும். அதனால்தான் அதற்கு இந்தத் தனி அத்தியாயம்.

முதலில், அது எதற்காகக் கிண்ணத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபோவில் மணம் எலும்பிலிருந்தும் வாசனைச் சாமான்களிலிருந்தும் வருகிறது. ருசி இறைச்சியிலிருந்தும் மீன் சாஸிலிருந்தும் வருகிறது. போட்டியின் பங்கு கடிபடுவது. அரிசி நூடுல்ஸ் மெத்தென்று இருக்கும், வெந்த இறைச்சி மிருதுவாக இருக்கும். அவற்றுக்கு நடுவே பல்லில் நறுக்கென்று அகப்படும் ஒரு பொருள் வேண்டும். அதற்குத்தான் போட்டி. நன்றாகச் செய்த போட்டிக்குத் தனக்கென்று பெரிய சுவை கிடையாது; சாற்றின் சுவையை ஏந்திக்கொண்டு வாய்க்குள் வந்து நறுக்கென்று உடையும். குழைய வேகவிட்டாலும் மசாலா ஏற்றினாலும் அந்தக் குணம் போய்விடும்.

எந்தப் போட்டி?

மாட்டுக்கு வயிறு நான்கு அறைகள். புல் முதலில் போய்ச் சேருவது மிகப் பெரிய அறை. அதன் உட்புறம் முழுக்கச் சிறு முடிச்சுகளாக, சொரசொரப்பாக இருக்கும். இரண்டாவது, கட்டம் கட்டமாக இருப்பதால் தேன்கூடு என்று பெயர் பெற்றது. மூன்றாவதில் மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக இருக்கும். நான்காவது நம்முடைய வயிற்றைப் போலச் செரிப்பு நீர் சுரக்கும் அறை. அதை இந்தச் சமையலில் சேர்ப்பதில்லை.

ஃபோவுக்கு உரியது மூன்றாவது அறை. வியட்நாமியர் அதைச் ‘சாச்’ என்பார்கள். நம் கடைகளில் எல்லா அறைகளையும் பொதுவாகப் போட்டி என்றே சொல்லிவிடுவதால், குழப்பம் வராமல் இருக்க இந்த மூன்றாவது அறையை நான் ஏட்டுப் போட்டி என்று குறிப்பிடுகிறேன். கடையில் கேட்கும்போது “ஏடு ஏடா மடிஞ்சிருக்குமே, அந்தப் பாகம் மட்டும் வேணும்” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். இலங்கையில் ‘பாபத்’ என்று கேட்டால் பொதுவாக எல்லாப் பாகமும் கலந்தே வரும். அங்கேயும் பிரித்துக் கேட்க வேண்டும்.

போட்டி கிண்ணத்துக்கு எப்படி வந்தது? ஃபோ வடக்கு வியட்நாமில், ஹனோய் நகரிலும் அதற்குத் தெற்கே உள்ள நாம் தின் பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான உணவு. உழவு மாடுகளை வைத்திருந்த அந்த ஊர்களில் மாட்டிறைச்சி அன்றாட உணவாக இருக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் வந்து மாடு அறுப்பது பெருகியபோது, அவர்கள் நல்ல சதையை எடுத்துக்கொண்டார்கள். எலும்பும் மிச்சப் பாகங்களும் மலிவாகக் கிடைத்தன. காவடியில் அடுப்பையும் பானையையும் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றவர்கள் அவற்றைக் கொண்டு இந்தச் சாற்றைச் செய்தார்கள். 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது லட்சக்கணக்கான வடக்கத்தியர் தெற்கே போனார்கள். ஃபோவும் அவர்களோடு சைகோனுக்குப் போய்ப் பரவியது. அங்கே கிண்ணம் பெருத்தது. பச்சிலைகள், முளைகட்டிய பயறு, இனிப்பான கருப்புச் சோயா சாஸ் எல்லாம் மேசைக்கு வந்தன. பச்சையாகச் சீவிய இறைச்சி, வெந்த மார்புக்கண்டம், நரம்பு, போட்டி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தரும் ‘டாக் பியெட்’ கிண்ணம் தெற்கின் அடையாளம். 1975க்குப் பிறகு பாரிஸ், கலிஃபோர்னியா, சிட்னி என்று குடிபெயர்ந்தவர்களின் கடைகளிலும் இந்தக் கிண்ணமே முதலிடம் பிடித்தது. ஹனோயில் பழைய பாணிக் கடைகள் இன்னும் எளிமையாகவே பரிமாறுகின்றன. அங்கே போட்டியை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

வாங்குவது

ஏட்டுப் போட்டி இரண்டு நிறத்தில் கிடைக்கும். அறுத்த அன்றைக்கே வாங்கினால் கரும்பழுப்பாக, சில சமயம் பச்சை கலந்த கருப்பாக இருக்கும். அதுதான் அதன் இயல்பான நிறம். வெளிநாட்டு ஆசியக் கடைகளில் உறைய வைத்து விற்கும் பாக்கெட்டில் வெள்ளைவெளேரென்று இருக்கும். ஆலையில் வெந்நீரிலும் காரக் கரைசலிலும் போட்டு வெளுத்தது அது. இரண்டிலும் நல்ல ஃபோ செய்யலாம். பக்குவம்தான் வேறு.

புதுப் போட்டியை முகர்ந்து பாருங்கள். வைக்கோல் வாடையும் தொழுவ வாடையும் இருந்தால் பரவாயில்லை. அது கழுவினால் போகும். புளித்த வாடையோ மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடியோ இருந்தால் எவ்வளவு கழுவினாலும் போகாது, வாங்காதீர்கள். ஏடுகள் தனித்தனியாகப் பிரிந்து வர வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு இழுபட்டால் பழசு. ஏட்டை விரலுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் மெல்லியதாக, உறுதியாக இருக்க வேண்டும். வயது முதிர்ந்த மாட்டின் ஏடு தடித்திருக்கும். அது ஆகாது என்றில்லை, நேரத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மாடு அறுப்பது விடியலுக்கு முன்பே முடிந்துவிடும். காலை எட்டு மணிக்குள் போனால் நல்ல பாகம் கிடைக்கும். முந்தின நாளே சொல்லிவைத்தால் கடைக்காரர் ஏட்டுப் பாகத்தைத் தனியாக எடுத்து வைப்பார். சொல்லாவிட்டால் மற்ற அறைகளோடு சேர்த்துத் துண்டு போட்டுவிடுவார், பிறகு பிரித்தெடுப்பது கஷ்டம். ஆறு கிண்ணத்துக்குக் கழுவிய போட்டி அரைக் கிலோ போதும். கழுவாததாக இருந்தால் முக்கால் கிலோ வாங்குங்கள்.

கழுவுவது

பாதிச் சமையல் இங்கேதான். உயிரோடு இருக்கும் மாட்டில் இந்த அறையின் முக்கிய வேலைகளில் ஒன்று தீனியிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது. தண்ணீர் போனதும் அரைபட்ட புல் காய்ந்து ஏடுகளின் இடுக்கில் அழுந்தி உட்கார்ந்துகொள்கிறது. மேலோட்டமாக நீர் ஊற்றினால் அது அசையாது. முழுப் பாகத்தையும் அப்படியே தொட்டியில் போட்டு அலசுவதால்தான் பலருக்குக் கிண்ணத்தில் மணல் கடிபடுகிறது.

எனவே முதலில் வெட்டுங்கள். ஏடுகள் எல்லாம் ஒரு தடித்த சுவரில் வேர்விட்டிருக்கும். நான்கைந்து ஏடுகள் சேர்ந்து வருமாறு சுவரோடு துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு ஏடாகப் புரட்டி, வேர்ப்பக்கம் வரை விரலை ஓட்டிக் கழுவுங்கள். தண்ணீர் தெளிவாக ஓடும்வரை இதை நிறுத்தாதீர்கள்.

அடுத்தது உப்பு. மூன்று மேசைக்கரண்டி கல் உப்பைத் தூவி, துணி துவைப்பதுபோல இரண்டு கையாலும் பிசையுங்கள். ஏட்டின் மேல் இருக்கும் சிறுசிறு காம்புகளுக்கு இடையே தங்கியிருக்கும் வழுவழுப்பை உப்பின் சொரசொரப்பு இழுத்துக்கொண்டு வரும். தூள் உப்பு சீக்கிரம் கரைந்துவிடுவதால் அந்த வேலைக்கு ஆகாது. அலசிவிட்டு அரைக் கோப்பை வினிகரும் ஒரு கைப்பிடி அரிசி மாவும் போட்டு மறுபடி பிசையுங்கள். மாவு வழுவழுப்பையும் வாடையையும் பற்றிக்கொள்ளும். மூன்றாவது முறை தட்டிய இஞ்சியும் கொஞ்சம் சாராயமும். வியட்நாமில் இதற்கு அரிசிச் சாராயத்தில் இஞ்சியை ஊறப்போட்டு வைத்திருப்பார்கள். எலும்பு கழுவவும் இறைச்சி கழுவவும் அதையே எடுப்பார்கள். சாராயம் கிடைக்காத வீட்டில் இஞ்சியை இரட்டிப்பாக்கினால் போதும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் நிறம் கருப்பாகத்தான் இருக்கும். இந்தக் கருப்பு அழுக்கு கிடையாது. ஏட்டின் மேல்தோல் அது. அதை உரிக்காமலே சமைக்கலாம். ருசியிலோ கடியிலோ வித்தியாசம் தெரியாது. ஆனால் சைகோன் பாணிக் கிண்ணத்தில் வெள்ளையாக இருப்பதைத்தான் விரும்புகிறார்கள். உங்களுக்கும் அப்படி வேண்டுமானால் வெந்நீரில் முக்கி உரிக்க வேண்டும். இதில் சூடு முக்கியம். சுமார் 70 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் கொதிக்கும் தண்ணீர் மூன்று பங்கும் குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கும் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். துண்டை அதில் அரை நிமிடம் முக்கி எடுத்து, கத்தியின் முதுகாலோ கரண்டி விளிம்பாலோ வேரிலிருந்து நுனியை நோக்கிச் சுரண்டுங்கள். கருப்புத் தோல் சுருண்டு வந்துவிடும். வராவிட்டால் இன்னொரு முறை முக்குங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வேலை கெட்டது: தோல் இறுகி ஒட்டிக்கொள்ளும், ஏடும் உங்களைக் கேட்காமலே வெந்துவிடும்.

வியட்நாமில் இந்த வெந்நீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைப்பவர்கள் உண்டு. நம் ஊரிலும் ஆட்டுக்குடலுக்குச் சுண்ணாம்பு தடவிச் சுரண்டுகிற வீடுகள் இருக்கின்றன. காரம் தோலைத் தளர்த்துவதால் உரிப்பது எளிதாகிறது. ஒரு லிட்டருக்குச் சுண்டைக்காய் அளவு போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும் ஏட்டைத் தடவிப் பாருங்கள். விரல் வழுக்கினால் சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் அலசி, மறுபடி நல்ல தண்ணீரில் அலசினால் வழுக்கல் நிற்கும்.

படிகாரத்தைப் பற்றியும் கேட்பீர்கள். படிகாரத் தண்ணீரில் ஊறவைத்தால் வெண்மையும் இறுக்கமும் கூடும் என்பது உண்மை. வியட்நாமில் பலர் செய்வதுதான். என் கருத்தில் அன்றைக்கு அறுத்த போட்டிக்கு அது தேவையில்லை. அளவு கொஞ்சம் மிஞ்சினால் நாக்கில் துவர்ப்பு நின்றுவிடுகிறது.

மஞ்சள்தூளை மட்டும் எடுக்காதீர்கள். போட்டி என்றதும் மஞ்சள் போட்டு ஒரு கொதி விட்டுக் கொட்டுவது நமக்குக் கைப்பழக்கம். நம் குழம்புக்கு அது சரி. ஃபோ சாறு கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டியது. போட்டியில் ஏறிய மஞ்சள் அதில் இறங்கி நிறத்தையும் மணத்தையும் மாற்றிவிடும்.

வேகவைப்பது

போட்டிக்கு இரண்டே இரண்டு சரியான பதங்கள் உண்டு. ஒன்று மிகக் குறைந்த நேரம், மற்றொன்று மிக நீண்ட நேரம். நடுவில் நிறுத்தினால் எல்லாம் கெட்டுவிடும்.

காரணம் கொலாஜன் என்ற நார்ப்புரதம். 60 டிகிரியைத் தாண்டியதும் அது சுருங்கத் தொடங்குகிறது. சுருங்கும்போது தன்னைச் சுற்றியுள்ள நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. ஏடு மிக மெல்லியது. கொதிநீரில் ஒரு நிமிடத்துக்குள் அதன் உள்ளே வரை சூடு ஏறிக் கிருமிகள் சாகும், ஆனால் நீர் முழுவதும் பிழிபடுவதற்குள் எடுத்துவிடுகிறோம். அதனால் நறுக்கென்று இருக்கிறது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் விட்டால் நீரெல்லாம் போய் இறுகிவிடும். அதற்கும் மேலே ஒன்றரை இரண்டு மணி நேரம் வேகும்போது அதே கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகி மறுபடி மிருதுவாகிறது. ஏட்டுப் போட்டிக்கு முதல் பதம். தேன்கூட்டுக்கும் பெரிய அறைக்கும் இரண்டாவது பதம்.

செய்முறைக்கு வருவோம். ஏடுகளைத் தடித்த சுவரிலிருந்து கத்தியால் அறுத்துப் பிரியுங்கள். சுவரைத் தனியே வையுங்கள், அது ஏட்டோடு சேர்ந்து வேகாது. பெரிய பாத்திரத்தில் நான்கு லிட்டர் தண்ணீர், தட்டிய இஞ்சி ஒரு விரல் நீளம், ஒரு மேசைக்கரண்டி உப்பு, இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி சாராயம். தளதளவென்று கொதிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பாத்திரம் நிறைய ஐஸ் தண்ணீரும் அதில் ஒரு எலுமிச்சம்பழச் சாறும் தயாராக இருக்கட்டும். அடுப்பை மூட்டிய பிறகு ஐஸைத் தேடிப் போகாதீர்கள்.

அரைக் கிலோவை மூன்று ஈடாகப் பிரித்துப் போடுங்கள். மொத்தமாகப் போட்டால் கொதி அடங்கிவிடும். அடங்கிய தண்ணீர் மறுபடி கொதிப்பதற்குள் போட்டி வெந்நீரில் ஊறி நீர்விட்டு இறுகும். ஒவ்வொரு ஈடும் ஒரு நிமிடம், தடித்த ஏடாக இருந்தால் ஒன்றரை நிமிடம். கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள்: தொங்கிக்கொண்டிருந்த ஏடு விறைத்து, ஓரங்கள் உட்பக்கம் சுருளும். அதுதான் பதம். அந்தக் கணமே ஜல்லிக்கரண்டியால் அள்ளி ஐஸ் தண்ணீரில் போடுங்கள். உள்ளே தங்கிய சூடு வெளியே எடுத்த பிறகும் வேகவைத்துக்கொண்டே இருக்கும். ஐஸ் அதை நிறுத்துகிறது. எலுமிச்சை வெண்மையைக் காக்கிறது, மிச்சமிருக்கும் வாடையையும் எடுக்கிறது.

ஐந்து நிமிடம் ஆறியதும் வடித்து, துணியால் ஒற்றி, ஏட்டின் குறுக்கே அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு நாடாக்களாகச் சீவுங்கள். நீளம் ஒரு விரல் அளவு. அகலமாக வெட்டினால் சாப்ஸ்டிக்கில் அகப்பட்டாலும் வாயில் திரண்டு நிற்கும். மெல்லியதாகச் சீவினால் நூடுல்ஸோடு சேர்ந்து வரும்.

ஒரு நாடாவை மென்று பாருங்கள். நறுக்கென்று உடைந்து, நாலைந்து மெல்லில் தீர்ந்தால் சரி. இழுத்தால் நேரம் கூடிவிட்டது. அதற்காகக் குப்பையில் போட வேண்டாம். புதுத் தண்ணீரில் இஞ்சியோடு ஒன்றரை மணி நேரம் சிறுதீயில் விட்டால் மிருதுவாகும். நறுக்கென்ற கடி திரும்பாது, ஆனால் தின்னத்தக்கதாக மீண்டுவிடும். ஒதுக்கிவைத்த சுவர்ப்பகுதிக்கும் இதுவே வழி.

வெளுத்து உறைய வைத்த பாக்கெட் வாங்கியவர்களுக்குக் கழுவும் வேலை மிச்சம், ஊறவைக்கும் வேலை கூடுதல். முந்தின இரவே பாக்கெட்டைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைவு நீங்க விடுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்றி, இரண்டு மணி நேரம் ஊறட்டும். வெளுக்கப் பயன்படுத்திய மருந்தின் நெடி அதற்குள் இறங்கிவிடும். முகர்ந்தால் இன்னும் தெரிகிறதா? ஒரு கரண்டி வினிகரும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். பாக்கெட் போட்டி ஏற்கெனவே ஓரளவு வெந்தே வருவதால் அதற்கு மேல் தேவைப்படாது. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள், ஒவ்வொரு ஆலையும் ஒவ்வொரு விதமாக வேகவைக்கிறது.

தேன்கூட்டுப் போட்டியை விரும்புகிறவர்கள் அதையும் சேர்க்கலாம். பல கடைகளில் ஏட்டுப் பாகம் கிடைக்காதபோது அதைத்தான் போடுகிறார்கள். அதே உப்பு, வினிகர் கழுவல்தான். பத்து நிமிடம் கொதிக்கவிட்டு முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர், இஞ்சி, உப்பு போட்டுச் சிறுதீயில் இரண்டு முதல் மூன்று மணி நேரம். குக்கரில் விசில் வந்தபின் தீயைக் குறைத்து முப்பது நிமிடம். விரலால் கிள்ளினால் நகம் இறங்க வேண்டும், ஆனால் கட்டங்கள் கலையக்கூடாது. முதல் பெரிய அறையை ஃபோவில் போட எனக்கு விருப்பமில்லை. அதன் வாடை வலுவானது. சைகோன் தெருக்களில் தேங்காய்ப்பாலோடு குடல் வகைகளைக் கொதிக்கவைத்துத் தரும் ‘ஃபா லாவ்’ என்ற உணவுக்குத்தான் அது பொருத்தம்.

சாற்றுப் பானையில் போடாதீர்கள்

எலும்பு வேகும் பானையிலேயே போட்டியையும் போட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். எலும்பை முதலில் கொதிக்கவைத்துக் கழுவி, நுரையை எடுத்து, மணிக்கணக்கில் தெளியவைத்த சாற்றை அரை மணி நேரத்தில் போட்டி கலக்கிவிடும். போட்டியின் வாடை அன்னாசிப்பூவையும் பட்டையையும் அமுக்கிவிடும். போட்டியும் குழைந்துபோகும்.

சாற்றுக்கு உரிய அளவுகளைச் சுருக்கமாகத் தருகிறேன். ஆறு கிண்ணத்துக்கு மூன்று கிலோ கால் எலும்பும் மூட்டும். ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டி, எலும்பைத் தேய்த்துக் கழுவி, ஆறு லிட்டர் புதுத் தண்ணீரில் போடுங்கள். இரண்டு பெரிய வெங்காயத்தையும் நூறு கிராம் இஞ்சியையும் நேரடித் தீயில் தோல் கருகச் சுட்டு, கருகலைத் தட்டிவிட்டுச் சேருங்கள். அன்னாசிப்பூ ஐந்து, பட்டை ஒரு விரல் நீளம், கிராம்பு மூன்று, மல்லி விதை ஒரு மேசைக்கரண்டி, பெரிய கருப்பு ஏலக்காய் ஒன்று. வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துத் துணியில் முடிந்து போடுங்கள். மூன்று மணி நேரமாவது மூடாமல் சிறுதீயில் கிடக்கட்டும். வாசனை முடிச்சை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்து வாடை வரும். கடைசியில் உப்பு, முப்பது கிராம் கற்கண்டு, நான்கு மேசைக்கரண்டி மீன் சாஸ். நெத்திலியையும் உப்பையும் மட்டும் வைத்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த சாஸாகப் பார்த்து வாங்குங்கள். ஃபூ குவோக் தீவில் செய்வது பெயர்பெற்றது.

போட்டியைச் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் சாற்றில் உப்பு ஒரு சிட்டிகை கூடுதலாக இருக்கட்டும். நூடுல்ஸைப் போலவே போட்டிக்கும் தனக்கென்று உப்பு கிடையாது.

கிண்ணத்தில் சேர்ப்பது

எல்லாம் சூடாக இருக்க வேண்டும், கிண்ணம் உட்பட. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிடுங்கள். உலர்ந்த நூடுல்ஸ் ஒருவருக்கு எண்பது கிராம். அரை மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் முக்கால் பதம் வரும்வரை முக்கி வடித்து அடியில் போடுங்கள். அதே கொதிநீரில் வடிகூடையில் ஒரு கைப்பிடி போட்டி நாடாக்களைப் போட்டுப் பத்து எண்ணும்வரை முக்கி எடுங்கள். ஐஸில் கிடந்த போட்டியை அப்படியே போட்டால் சாறு ஆறிவிடும். அதற்குத்தான் இந்த முக்கல், வேகவைக்க இல்லை.

முதலில் நூடுல்ஸ், அதன்மேல் இறைச்சி, போட்டி எல்லாவற்றுக்கும் மேலே. அடியில் புதைந்தால் சாற்றின் சூட்டில் தொடர்ந்து வெந்துகொண்டே இருக்கும். மேலே வெங்காயத்தாள், கொத்தமல்லி, நீரில் அலசிய வெங்காயச் சீவல், பொடித்த மிளகு. கொதிக்கும் சாற்றை நானூறு மில்லிலிட்டர் அளவில் ஓரமாக ஊற்றுங்கள்.

தெற்கத்திய மேசையில் வைக்கும் வாசனைத் துளசி கிடைக்காவிட்டால் நம் திருநீற்றுப்பச்சிலையை வையுங்கள். இரண்டும் ஒரே இனச் செடி. நம்முடையதன் மணம் கொஞ்சம் வேறு, ஆனால் குறையாகத் தோன்றாது. கூடவே முளைகட்டிய பாசிப்பயறு, எலுமிச்சைத் துண்டு, சிவப்பு மிளகாய். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து சைகோனுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் பல. வியட்நாமியச் சமையலை இன்னும் மறக்காத வீடுகள் புதுச்சேரியில் உண்டு. அப்படி ஒரு வீட்டோடு பழக்கம் இருந்தால் மீன் சாஸ் எங்கே வாங்குவது, எந்தப் பச்சிலை பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்தையும்விட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

போட்டியைத் தொட்டுக்கொள்ள ஒரு சிறு கிண்ணம் தனியே இருந்தால் நல்லது. சைகோனில் கருப்புச் சோயா சாஸையும் மிளகாய் சாஸையும் பாதிப் பாதியாக ஊற்றிக்கொள்வார்கள். நான் இஞ்சி மீன் சாஸைத்தான் சிபாரிசு செய்வேன்: மீன் சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் இரண்டு, சர்க்கரை ஒன்று, எலுமிச்சைச் சாறு ஒன்று, பொடியாக நறுக்கிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, ஒரு மிளகாய். கருப்புச் சாஸின் இனிப்பு சாற்றையே மறைத்துவிடுகிறது. இஞ்சி அப்படிச் செய்வதில்லை.

மிச்சமான போட்டியை நாடாவாகச் சீவாமல், ஏடாகவே, லேசான உப்புத் தண்ணீரில் அமிழ்த்தி மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். வீட்டில் மறுபடி உறையவைக்காதீர்கள், ஏட்டுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகித் திசுவைக் கிழித்துவிடும், கடி போய்விடும். மூன்றாம் நாள் மிஞ்சியிருந்தால் மிளகும் வெங்காயமும் போட்டு அதிகத் தீயில் வதக்கித் தீர்த்துவிடுங்கள்.

கிண்ணம் முன்னால் வந்ததும் போட்டியை முதலில் சாப்பிடுங்கள். சூடான சாற்றில் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் அது தன் பதத்தில் நிற்காது.